வேளச்சேரி தரைத்தளம், இன்சுலின் போடும் அம்மா: மழைக்கு முன் என்ன செய்வது?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். 2023 மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, மூன்று நாள் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு 70 வயது, தினமும் இன்சுலின் போடுகிறார். இந்தப் பருவமழைக்கு முன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

பதில்: வாங்குவது இருக்கட்டும். அம்மாவை எப்போது, எங்கே அழைத்துப் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றபின் அவரை நடத்திக்கொண்டு போவது ஆபத்து. திறந்து கிடக்கும் மேன்ஹோலும் அறுந்து விழுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது.

சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தால், அதாவது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் அதி கனமழை பெய்யலாம் என்று வானிலை ஆய்வு மையம் சொன்னால், மழை வலுக்கும் முன்பே அவர் மேடான பகுதியில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். அதற்கு வழியில்லை என்றால் உங்கள் கட்டடத்திலேயே மாடி வீட்டாரிடம் இப்போதே பேசி வையுங்கள். கூச்சமே வேண்டாம். ஆனால் சுற்றிலும் தண்ணீர் நின்றால் அங்கே ஆம்புலன்ஸ் வர முடியாது என்பதால், மாடியை இரண்டாவது வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2015 வெள்ளத்தில் பல பகுதிகளில் செல்போன் சிக்னலே இல்லை. அதனால் யார் எங்கே போவது என்பது வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்சுலின் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று அட்டையில் பாருங்கள். டிசம்பர் மழை நாளில் நிழலான மூலையே போதும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைய விட்டால் மருந்து கெட்டுவிடும். எனக்குக் கவலை வேறு: ஊசியைப் போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை மளமளவென இறங்கிவிடும். மருந்துப் பையில் குளுக்கோஸ், பிஸ்கட், சர்க்கரை பார்க்கும் கருவி, ஸ்ட்ரிப், ஊசிகள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். சாப்பாடு குறையும் நாளில் அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதே பையில் வையுங்கள்.

மற்றவை எளிது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று லிட்டர் குடிநீர், ஒரு வாரத்துக்கான மாத்திரை, டார்ச், பவர் பேங்க். கரண்ட் போனால் யூபிஐ எடுக்காது, சில்லறையாகப் பணம் வேண்டும். ஆதார், வாடகை ஒப்பந்தம் போன்றவை பிளாஸ்டிக் உறையில்.

தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றபடி தொடவே கூடாது. சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். பலர் மறப்பது கழிவறை: சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் கோப்பை வழியாகவே வீட்டுக்குள் ஏறும். பிளாஸ்டிக் பைக்குள் மணல் மூட்டையை வைத்து, அதைக்கொண்டு கோப்பையின் வாயை அழுத்தி அடைத்துவிடுங்கள். தண்ணீர் வடிந்தபின், சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போடும்வரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்க வேண்டாம்.

மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இவற்றோடு, உங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்பவர்கள், கர்ப்பிணிகள், தனியே வாழும் முதியவர்கள் யார் யார் என்று குடியிருப்போர் சங்கம் ஒரு பட்டியல் எழுதி வைக்கட்டும். அம்மாவின் பெயரை முதலில் நீங்களே கொடுங்கள்.