மழையிலும் மேட்டிலும் திணறும் பழைய காடி: கம்ப்யூட்டரை மாற்றலாமா?

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகி): என்னிடம் 2002-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5 இருக்கிறது. சில மாதங்களாக எஞ்சின் மிஸ் ஆகிறது, அதாவது விட்டுவிட்டு ஓடுகிறது. தினமும் இல்லை. இரவெல்லாம் மழை பெய்தால், காலையில் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது காடி குலுங்கும். பாலேக் பூலாவுக்குப் போகத் துன் சார்டோன் சாலையில் ஏறினால் மூச்சு வாங்கும். சமதரைக்கு வந்துவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். போமனிடம் (மெக்கானிக்கிடம்) விட்டால் அங்கேயும் நன்றாகத்தான் ஓடுகிறது. அவர் முதலில் பிளக்குகளை மாற்றினார், பிறகு திராட்டல் பாடியைக் கழுவினார், பிறகு பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். 800 வெள்ளிக்கு மேல் போய்விட்டது. இப்போது "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, பழைய காடிகளின் உதிரிப்பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் பழையது 600 வெள்ளிக்குக் கிடைக்கும்" என்கிறார். மாற்றலாமா? கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: எஞ்சினைக் கட்டுப்படுத்தும் அந்தக் கம்ப்யூட்டரை இப்போது மாற்றாதீர்கள், சகோதரி. பழைய கம்ப்யூட்டர் பலகைகளில் கப்பாசிட்டர் கசிந்து கெடுவது உண்டுதான். ஆனால் மழை பெய்த காலையிலும் மேட்டிலும் மட்டும் தொல்லை தருவது அதன் குணமில்லை. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அடையாளங்களுமே தீப்பொறிப் பக்கத்தைக் காட்டுகின்றன. உங்கள் போமன் இரண்டு பொருள்களை மாற்றினார், ஒன்றைக் கழுவினார். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று ஒருமுறையாவது பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மேட்டில் ஏன் திணறுகிறது என்று சொல்கிறேன். ஏறும்போது ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்கிறீர்கள். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறையப் போய் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் முனையில் பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவை. பிளக் கேபிளின் ரப்பர் உறை வெடித்திருந்தாலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்தில் இருக்கும் இரும்புக்குத் தாவிவிடும். சமதரையில் குறைந்த வோல்டேஜே போதும் என்பதால் அதே கேபிள் சமாளித்துக்கொள்கிறது. மழைநாளில் ஈரம் படிந்தால் நின்றுகொண்டிருக்கும்போதே கசியும். பினாங்கில் ஈரக்காற்றுக்குக் குறைவில்லை. 20 வயது தாண்டிய ரப்பர் கேபிள் அதில் எத்தனை நாள் தாங்கும்?

இதைக் காசு செலவில்லாமல் கண்ணாலேயே பார்க்கலாம். இருட்டிய பிறகு, வெளிச்சமில்லாத திறந்த இடத்தில் காடியை நிறுத்துங்கள். மூடிய கராஜில் வேண்டாம், புகை ஆபத்து. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, போனட்டைத் திறங்கள். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிப்போமே, அந்தப் பாட்டிலால் பிளக் கேபிள்கள் மீதும் டிஸ்டிரிபியூட்டர் மூடி மீதும் பனிபோல மெல்லிசாகத் தெளியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி இழையாக ஓடுவது தெரியும். டக் டக்கென்று சத்தமும் கேட்கும். அந்த நிமிடமே எஞ்சின் குலுங்கும். எதையும் கையால் தொடாதீர்கள், அது ஆயிரக்கணக்கான வோல்ட். துப்பட்டா, முடி, தளர்ந்த சட்டைக்கை எதுவும் விசிறி, பெல்ட் பக்கம் போகக்கூடாது. தனியாகச் செய்யாமல் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொறி தெரியாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகு டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் காடியின் வயதுள்ள வீரா பெரும்பாலும் டிஸ்டிரிபியூட்டர் வைத்ததுதான். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோலக் கருப்பாக ஒரு தடம் தெரிந்தால், மின்சாரம் வழிமாறி ஓடிய தடம் அது. துடைத்தால் போகாது, மூடியையே மாற்ற வேண்டும். உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்டின் சீல் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் மூடிக்குள் வருவது இந்த வகை எஞ்சினில் வழக்கமான கோளாறு. அப்படி இருந்தால் மூடியை மட்டும் புதிதாகப் போடுவது வீண், சில மாதத்தில் பழையபடி ஆகும். எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன் இந்த ஒரு பார்வையை நான் கட்டாயம் கேட்பேன்.

பிளக்குகளை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. ஆனாலும் கழற்றிப் பார்ப்பது நல்லது. நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் நன்றாக எரிகிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எண்ணெய் உள்ளே போகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் தேட வேண்டிய சிலிண்டர் எது என்று தெரிந்துவிட்டது. பீங்கானில் வெடிப்பு இருக்கிறதா, இடைவெளி காடியின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புதுப் பிளக் என்பதால் அது சரியான பிளக் என்று ஆகிவிடாது. சந்தையில் போலிகளும் உண்டு.

எந்த சிலிண்டர் என்று தெரியாவிட்டால், எஞ்சின் திணறிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மின்இணைப்பையும் ஒரு கணம் கழற்றிப் பார்ப்பது போமனின் வேலை. நன்றாக எரியும் சிலிண்டரின் இணைப்பைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாகும். கழற்றியும் வித்தியாசமே இல்லையென்றால், குற்றவாளி அந்த சிலிண்டர். சிலர் பிளக் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், அதை அனுமதிக்காதீர்கள். கையில் ஷாக் அடிக்கும்; எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருந்தால் அதையும் கெடுக்கும்.

நின்றிருக்கும்போது மட்டும் குலுங்கி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்ததும் சரியானால் வெடித்த வேக்குவம் குழாயைத் தேட வேண்டும். சூடேறிய பிறகு மட்டும் வந்தால், பொறிக்கான வோல்டேஜை உயர்த்தித் தரும் காயில். டேங்க்கில் பெட்ரோல் குறைந்தால் வந்தால் பம்ப் பக்கம். உங்களுக்கு மழையும் மேடும் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் கேபிள், மூடி, மூடிக்குள் சுழலும் ரோட்டர் என்ற வரிசையைச் சொல்கிறேன். இவை மூன்றும் சரியாக இருந்தால் அடுத்து, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், எதை மாற்றினாலும் பயனில்லை. கோளாறு எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

இப்படிச் செய்யுங்கள். மழை பெய்த காலையில், எஞ்சின் குலுங்கும்போதே பட்டறைக்கு ஓட்டிச் செல்லுங்கள். அல்லது போமனைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டில் ஏறிக் காட்டுங்கள். கோளாறைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்துக்குத் தனிக் கூலி தருவதாக முன்பே சொல்லிவிடுங்கள். 50, 100 வெள்ளி கேட்டாலும் கொடுங்கள். அது வீணாகாத காசு. கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை என்பதால்தான் பல பட்டறைகளில் பொருளை விற்றுப் பிழைக்க வேண்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றி: 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் நியாயமான கவனத்துடனும் திறனுடனும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. பழுதுபார்ப்பும் சேவைதான். முதலில் போமனிடமே போய், "இதே குறைக்காக மூன்று முறை காசு கொடுத்தேன், குறை போகவில்லை, சரிசெய்து கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, கோரிக்கை எழுந்த 3 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆனால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: 800 வெள்ளியும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய பம்ப் தேய்ந்துதான் இருந்தது என்று அவர் சொன்னால் மறுப்பது கடினம். ரசீதில் "மிஸ் சரிசெய்ய" என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். இனி எந்தப் பட்டறையானாலும் என்ன குறைக்காக என்ன மாற்றினார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்கி வையுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): தெரிந்தவர் ஒருவரிடம் 2010 மைவி வாங்கப் போகிறேன். லேசாகத் திணறுகிறது. "பிளக் மாற்றினால் சரியாகிவிடும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவ்வளவு சின்ன வேலை என்றால், விற்பதற்கு முன் அவரையே செய்யச் சொல்லுங்கள், தம்பி. செய்ய மனமில்லையென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

காலையிலேயே போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். போனதும் போனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சின் மறைக்காமல் காட்டும். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, ஒரு மேட்டிலாவது ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மேற்கொண்டு அழுத்தி ஓட்டாதீர்கள்.

ஸ்கேனர் மாட்ட முடிந்தால் மாட்டச் சொல்லுங்கள். பி0301 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் 1-ஆவது சிலிண்டர், பி0304 என்றால் 4-ஆவது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. குறியீடு ஒன்றும் இல்லை என்பதால் மகிழ்ந்துவிடாதீர்கள், பேட்டரி ஒயரைக் கழற்றினாலே அவை அழிந்துவிடும். இந்த மைவியில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில். திணறும் சிலிண்டரின் காயிலை எடுத்துப் பக்கத்து சிலிண்டரில் மாட்டினால், கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் காயில்தான், அந்த விலையைக் கழித்துப் பேசுங்கள். மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் தேறியது என்று காட்டினாலும் அதை எஞ்சினுக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்தவரிடம் தனிப்பட்ட முறையில் வாங்குவதால் தீர்ப்பாயமும் உங்களுக்குக் கைகொடுக்காது. அது வியாபாரம் செய்பவர்மீது கோருவதற்குத்தான். ஆகவே பேச வேண்டியதெல்லாம் கையெழுத்துக்கு முன்.

கேள்வி (நிபோங் திபால் வாசகர்): டேங்க்கில் ஊற்றும் மருந்தால் எஞ்சின் மிஸ் சரியாகுமா?

பதில்: இன்ஜெக்டரில் அழுக்கு படிந்து வரும் திணறலுக்கு நல்ல மருந்து கொஞ்சம் உதவலாம். கேபிள், காயில், மூடி, வேக்குவம் குழாய் எதையும் அது தொடாது. எந்த சிலிண்டர் என்று பார்த்த பிறகு, இன்ஜெக்டர்மீது சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டில் ஊற்றிப் பாருங்கள். அந்த டேங்க் தீர்ந்தும் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டாம்.