பழைய லெப்டொப்புக்குப் பாகம் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தங்கச்சியின் உயர்தரப் படிப்புக்காகப் பாவித்த டெல் லெட்டிடியூட் ஈ6430 ஒன்று வாங்கினோம். சார்ஜரைப் போட்டு ஓன் பண்ணும்போதெல்லாம், அடெப்டரின் வகையை அறிய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. பெட்டரியில் சார்ஜ் ஏறுவதில்லை, எதைத் திறந்தாலும் ஆமை வேகம். மதர்போர்ட் பழுது என்று கடையில் சொல்கிறார்கள். உண்மைதானா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: மதர்போர்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சார்ஜரின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வட்டக் குழாயின் நடுவில் ஊசி போல ஒரு கம்பி நிற்கும். கரண்ட் அதன் வழியாக வருவதில்லை. ‘நான் டெல் சார்ஜர், இத்தனை வாட்’ என்று லெப்டொப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. சார்ஜர் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சிப் ஒன்று அந்தத் தகவலைத் தருகிறது. தகவல் வராவிட்டால் லெப்டொப் பெட்டரியைச் சார்ஜ் பண்ணாது, புரொசஸரையும் மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடும். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றேதான்.

நடு ஊசி வளைந்திருக்கலாம், உள்ளே அமுங்கிப் போயிருக்கலாம். அல்லது வயரில் அந்தத் தகவலைக் கொண்டுவரும் மெல்லிய நரம்பு மட்டும் அறுந்திருக்கலாம். பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில், வயர் மடங்கி மடங்கி நிமிரும் இடத்தில்தான் அறும். மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் சரியாகக் காட்டுவதால் சார்ஜர் நல்லது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த அளவு குழாயின் வெளிப்பக்கத்துக்கும் உட்பக்கத்துக்கும் இடையில் எடுப்பது, நடு ஊசியைப் பற்றி எதுவும் சொல்லாது. அளக்கும்போது மீட்டர் முனை ஊசியையும் குழாயையும் சேர்த்துத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் அந்தச் சிப்பும் போய்விடக்கூடும்.

இனிச் சோதனை. அதே பருமனான முனையுள்ள டெல் சார்ஜர் ஒன்றை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்குங்கள். 65 வாட் (3.34 அம்பியர்) ஆனாலும் 90 வாட் (4.62 அம்பியர்) ஆனாலும் பரவாயில்லை. லெப்டொப்பை ஓன் பண்ணியதும் எஃப்2 விசையைத் தட்டிப் பயோஸுக்குள் (விண்டோஸ் எழும்ப முன் வரும் அமைப்புப் பக்கம்) போய், பெட்டரி விவரப் பக்கத்தைத் திறவுங்கள். அடெப்டர் எத்தனை வாட் என்று அங்கே தெரிந்தால் உங்கள் சார்ஜர்தான் பழுது, கதை முடிந்தது. சார்ஜர் வாங்கும்போது கடையிலேயே செருகி இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். மலிவுச் சார்ஜர்கள் சிலவற்றில் ஊசி இருக்கும், பின்னால் சிப் இருக்காது.

இரவல் சார்ஜரையும் அறியவில்லை என்றால் அடுத்தது லெப்டொப்பில் சார்ஜர் செருகும் துளை. இந்த மாடலில் அது மதர்போர்டில் ஈயம் வைத்து ஒட்டியதல்ல, வயரோடு தனியாகக் கழற்றி மாற்றும் பாகம். ‘ஈ6430 டிசி ஜெக்’ என்று கேளுங்கள். அதையும் மாற்றிப் பார்த்துச் சரிவராவிட்டால் மட்டும் மதர்போர்ட் பேச்சை எடுக்கலாம்.

இன்னொன்று. உங்கள் பெட்டரி தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். டி54எஃப்ஜே என்ற எண்ணுள்ள பெட்டரி ஈ6420, ஈ5420, ஈ5430 ஆகியவற்றுக்கும் பொருந்தும். தோட்டத்தில் யாரிடமாவது அவற்றில் ஒன்று இருந்தால், உங்கள் பெட்டரியை அதில் போட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பெட்டரிக்குச் செலவு இல்லை.

கேள்வி: 15.6 அங்குலத் திரை வெடித்துவிட்டது. கொழும்பில் ஒரு கடைக்குக் கோல் எடுத்தால் ‘30 பின்னா, 40 பின்னா’ என்கிறார்கள். லெப்டொப்பின் மாடலைச் சொன்னால் போதாதா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: போதாது. பின் என்பது திரையில் வயர் செருகும் இடத்திலுள்ள மெல்லிய தொடுப்பு, அவை எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். ஒரே மாடலை ஒரே ஆண்டில் இரண்டு மூன்று கம்பனிகளின் திரையோடு விற்றிருப்பார்கள். உடைந்த திரையின் முதுகில் உள்ள லேபலைத்தான் வாசிக்க வேண்டும்.

முதலில் பெட்டரியைக் கழற்றுங்கள். சார்ஜரை இழுத்தால் மட்டும் போதாது. திரையின் பின்விளக்குக்குப் போகும் கரண்ட் லைனில் அரிசிமணி அளவு ஃபியூஸ் ஒன்று மதர்போர்டில் இருக்கும். பெட்டரி இருக்கத் திரை வயரைப் பிடுங்கினால் அது எரிந்துவிடக்கூடும். எரிந்தால் புதுத் திரை போட்டாலும் இருட்டாகவே இருக்கும், டோர்ச் அடித்தால் மட்டும் படம் மங்கலாகத் தெரியும். புதுத் திரையும் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை நகத்தாலோ பழைய ரீலோட் அட்டையாலோ மெல்ல நெம்பினால் கழன்று வரும். ரப்பர் மூடிகளுக்குக் கீழே திருகாணி ஒளிந்திருக்கும், அதைக் கழற்றாமல் நெம்பினால் சட்டம் வெடிக்கும். உள்ளே லேபலில் என்156பிஜிஈ–எல்21 என்பது போல ஓர் எண் இருக்கும். இன்னோலக்ஸ் திரைகளில் கோட்டுக்குப் பிறகு ‘எல்’ வந்தால் 40 பின் எல்விடிஎஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பழைய முறை), ‘ஈ’ வந்தால் ஈடிபி (புதிய முறை). ஈடிபி சாதாரணமாக 30 பின்தான், தொடுதிரைகளில் 40 பின்னும் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது. லேபலையும் வயர் செருகும் இடத்தையும் படமெடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். திருகாணிக் காதுகள் இடம் வலமா, மேல் கீழா என்பதும் அந்தப் படத்தில் விழவேண்டும்.

கேள்வி: குளிர்காலத்தில் காலையில் ஓன் பண்ணினால் விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. பத்து மணிக்கு மேல் ஒழுங்காக வேலை செய்கிறது. இது என்ன நோய்?
– வாசகர், நுவரெலியா

பதில்: குளிரை விட ஈரம்தான் காரணமாயிருக்கும். 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் ஊரில், ராத்திரி குளிர்ந்த லெப்டொப்பை அடுப்பங்கரைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால், கண்ணாடியில் பனி படிவது போல உள்ளேயும் படியும். நாளாக ஆக ரெம் என்னும் நினைவகப் பட்டையின் பொன்னிறப் பற்களில் படலம் ஏறித் தொடுப்பு விட்டுப்போகும். பெட்டரியைக் கழற்றி, ரெம்மை எடுத்து, பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டி, ‘டக்’ என்று சத்தம் கேட்கும் வரை அமுக்குங்கள். இரண்டு ரெம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பையில் வெளியிலிருந்து கொண்டுவந்தால் அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டு ஓன் பண்ணுங்கள்.

திகதியும் நேரமும் பின்னுக்குப் போனால், அது வேறு சங்கதி. உள்ளே இருக்கும் 3 வோல்ட் நாணயப் பெட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 எல்லாக் கடையிலும் கிடைக்கும். லெப்டொப்பில் பெரும்பாலும் அது இரண்டு வயரும் சின்னப் பிளக்கும் சேர்ந்தே வரும், அப்படியே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான்காம் தலைமுறை ஐ5 லெப்டொப்புக்கு 4 ஜிபி டிடிஆர்3 ரெம் வாங்கினேன். துளையில் சரியாக உட்காருகிறது, ஆனால் லெப்டொப் எழும்பவில்லை.
– வாசகர், அப்புத்தளை

பதில்: உங்களுக்கு வேண்டியது டிடிஆர்3எல். இரண்டுக்கும் 204 பின், வெட்டும் ஒரே இடத்தில், அதனால்தான் உட்காருகிறது. மற்றது 1.5 வோல்ட், இது 1.35. லேபலில் ‘பிசி3’க்குப் பக்கத்தில் ‘எல்’ எழுத்து இருக்கவேண்டும். கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள், ரெம் பழுதாகியிருக்காது.

கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். என் மூன்றாம் தலைமுறை லெப்டொப்புக்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுவது வீண் செலவா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: வீண் இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் உங்கள் இயந்திரத்தில் தாராளமாக ஓடும், தமிழும் தட்டலாம். எஸ்எஸ்டி, கூடுதல் ரெம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, ரெம்மும் ஏற்கனவே 4 ஜிபி உண்டு என்றால், எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள். 2.5 அங்குல சாட்டா என்று கேட்டு வாங்குங்கள். சூயிங்கம் பட்டை போல நீளமாக வரும் எம்.2 உங்கள் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் பொருந்தாது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எறியவேண்டாம். யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டால் படங்களையும் பாடக் குறிப்புகளையும் சேமித்து வைக்கலாம்.