அளவு நாடாவில் கலப்பு பின்னம், கணக்கில் தகா பின்னம்

டெக்சாஸுக்குக் குடிவந்து சில வாரங்களே ஆன நிலையில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி நியாயமானது. நான்காம் வகுப்பில் சேர்ந்திருக்கும் மகளுக்குக் கலப்பு பின்னத்தை (2 1/4 போல முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தது) தகா பின்னமாகவும் (9/4 போல மேல் எண் கீழ் எண்ணுக்குக் குறையாதது), தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாகவும் மாற்றும் வீட்டுப்பாடம் பக்கம் பக்கமாக வருகிறது. ஜன்னல் திரை வாங்கப் போனால் அங்கும் பின்னத்தில்தான் பேசுகிறார்கள். எல்லாவற்றையும் தசமத்தில் எழுதிவிட்டால் ஆகாதா என்கிறீர்கள். இந்த நாட்டில் ஆகாது.

மெட்ரிக் முறைக்கு மாறுவதை ஊக்குவிக்கும் சட்டம் இங்கே 1975-இலேயே வந்துவிட்டது என்றாலும், அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே மரம், கண்ணாடி, திருகாணி எல்லாம் இன்றும் அங்குலத்தில்தான் விலைபோகின்றன. அந்த அங்குலத்தைப் பத்தாகப் பிரிக்காமல், பாதி, பாதியில் பாதி என்று பதினாறில் ஒன்று வரை பிரித்திருக்கிறார்கள். அளவு நாடாவை விரித்துப் பாருங்கள்: அரை அங்குலக் கோடு நீளமாகவும், கால் அதைவிடக் குட்டையாகவும், எட்டில் ஒன்று இன்னும் குட்டையாகவும், பதினாறில் ஒன்று எல்லாவற்றிலும் சிறியதாகவும் இருக்கும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் பழைய வாய்பாடு இறங்கியதும் இதே வரிசையில்தான். நியூயார்க் பங்குச் சந்தையில்கூட விலைகளை 1997 வரை எட்டில் ஒரு டாலர், பின்னர் பதினாறில் ஒரு டாலர் என்ற படிகளில் குறித்துவந்து, 2001-இல்தான் முழுமையாகத் தசமத்துக்கு மாறினார்கள்.

ஜன்னலின் அகலம் 35 5/8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் திரையை வெட்டித் தருபவரிடம் முப்பத்தைந்தும் எட்டில் ஐந்தும் என்று சொன்னால் மறுபேச்சின்றி வெட்டித் தருவார், 35.6 என்று சொன்னால், அது எந்தக் கோடு என்று அவர் நாடாவில் தேட வேண்டியிருக்கும், ஏனெனில் அப்படி ஒரு கோடே அதில் இல்லை. ஆக, அளப்பதற்கும் சொல்வதற்கும் கலப்பு பின்னமே உகந்தது. ஆனால் கணக்குப் போட அது தோதாக இராது. அதே ஜன்னலின் நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டுமானால் 35-ஐயும் 5/8-ஐயும் தனித்தனியாகப் பாதியாக்கிப் பிறகு சேர்ப்பது சுற்றுவழி. 35-ஐ 8-ஆல் பெருக்கி 5-ஐக் கூட்டினால் 285/8 கிடைக்கும். அதன் பாதிக்குக் கீழ் எண்ணை மட்டும் இரட்டித்து 285/16 என்று எழுதினால் போதும். 285-இல் பதினாறு பதினேழு தடவை போக மீதி 13. ஆக 17 13/16. நாடாவில் பதினேழைத் தாண்டிப் பதின்மூன்றாவது சிறு கோட்டில் பென்சிலை வையுங்கள். கைப்பேசிக் கணிப்பானில் போட்டிருந்தால் 17.8125 என்று வந்திருக்கும். அதைக் கோடாக்குவதற்கு 0.8125-ஐ மறுபடியும் 16-ஆல் பெருக்கத்தான் வேண்டும்.

பெருக்கலில் மாற்றாமல் விடுவது இன்னும் ஆபத்து. மூன்றரை அடிக்கு இரண்டரை அடி பலகையின் பரப்பைக் காண, முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் பெருக்கி 6 1/4 சதுர அடி என்று சொல்பவர்களைப் படித்தவர்களிடையேயும் பார்த்திருக்கிறேன். 7/2-ஐ 5/2-ஆல் பெருக்கினால் 35/4, அதாவது 8 3/4. விடுபட்டுப்போன இரண்டரை சதுர அடி சிறிய பிசகு அன்று.

சமையலறையில் இந்த மாற்றத்தைக் கையாலேயே செய்யலாம். குக்கீ செய்முறையில் 2 1/4 கப் மாவு என்று போட்டிருந்தால், கால் கப் அளவையால் ஒன்பது முறை அள்ளிப் போடுங்கள். 9/4 என்பது அதுதான். விருந்தாளிகளுக்காக ஒன்றரை மடங்கு வேண்டுமானால் 27/8, அதாவது 3 3/8 கப். எட்டில் மூன்றுக்கு இங்கே விற்கும் வழக்கமான செட்டில் அளவை கிடையாது. ஒரு கப்புக்குப் பதினாறு மேசைக்கரண்டி என்பதால், மூன்று கப்போடு ஆறு மேசைக்கரண்டி சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும்.

மகளைப் பொறுத்தவரை, நாம் ஊரில் மனப்பாடம் செய்த "பெருக்கிக் கூட்டு" வழியை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான்காம் வகுப்பில் இங்கே 2 1/8 என்பதை 1 + 1 + 1/8 என்று உடைத்து, ஒவ்வொரு ஒன்றையும் 8/8 ஆக்கி, மொத்தம் 17/8 என்று காட்டும்படி கேட்பார்கள். கட்டம் போட்டு வரையவும் சொல்வார்கள். விடை மட்டும் சரியாக இருந்தால் பல ஆசிரியர்கள் முழு மதிப்பெண் தருவதில்லை. நமக்கு அது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். உண்மையில் பெருக்கிக் கூட்டுவது ஏன் சரிவருகிறது என்பது அந்தக் கட்டங்களில்தான் தெரிகிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்ட பிறகு சுருக்கு வழியைக் காட்டுங்கள்.

அங்குலமும் சென்டிமீட்டரும் சேர்ந்த நாடாக்களும் கிடைக்கின்றன. வீட்டுக்குள் உங்கள் வசதிக்கு எதில் வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள், கடைக்கு மட்டும் அங்குலத்தில் எழுதிச் செல்லுங்கள். ஜன்னல் சட்டத்துக்குள் பொருந்தும் திரையென்றால் மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்திலும் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்து, எட்டில் ஒன்றுக்குக் கீழ்நோக்கி முழுமைப்படுத்துங்கள்: 35 11/16 வந்தால் 35 5/8 என்று எழுத வேண்டுமே தவிர 35 3/4 என்று எழுதக் கூடாது.