பண்டைய ஜெர்மானியரின் தெய்வங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மானியத் தொன்மங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பதில்: சான்றுகளின் காலத்திலிருந்து தொடங்குங்கள். உரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதிய ‘ஜெர்மானியா’, மண்ணிலிருந்து பிறந்த துயிஸ்டோ என்னும் தெய்வத்தையும், அவன் மகன் மன்னுஸையும், மன்னுஸின் மூன்று புதல்வரின் பெயரால் வழங்கிய மூன்று இனக்குழுக்களையும் குறிப்பிடுகிறது. இன்று நாம் விரிவாக அறிந்துள்ள கதைகளோ, வட ஜெர்மானியர் குடியேறிய ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்னும் அறிஞர் ஏறத்தாழ 1220இல் எழுதியவை. அத்தீவு கிறித்தவத்தை ஏற்று அப்போதே இரு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எனவே எந்தக் கதையைக் கேட்டாலும் முதலில் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: ஐஸ்லாந்தியக் கதைகளின் தலைமைத் தெய்வமான ஓடினும், தெற்கே வழிபட்ட வோடனும் ஒருவரா?

பதில்: பெயர் ஒன்றே, நிலத்துக்கு நிலம் ஒலி மாறியிருக்கிறது. உரோமானியர் மெர்குரிக்கு உரியதாக வைத்த புதன்கிழமை, ஆங்கிலத்தில் வோடனின் நாளாகி ‘வெட்னஸ்டே’ என்று வழங்குகிறது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் கதைகளும் ஒன்றாகிவிடா. ஜெர்மனியின் மெர்செபர்க் பேராலய நூலகத்தில் 1841இல் கண்டறியப்பட்ட மந்திரம் ஒன்றில், சுளுக்கிய குதிரைக் காலை வோடன் “எலும்போடு எலும்பு, குருதியோடு குருதி” என்று ஓதிக் குணப்படுத்துகிறான். அதர்வவேதத்தின் நான்காம் காண்டத்திலும் முறிந்த உறுப்பைப் பொருத்துவதற்கு, மஜ்ஜையோடு மஜ்ஜை சேரட்டும் என்று ஓதும் மந்திரம் உண்டு. இந்த ஒப்புமையை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறைவதில்லை.

கேள்வி: இடித்தெய்வமான தோருக்குப் பொன்னிறத் தலைமுடிதானே?

பதில்: இல்லை. ஐஸ்லாந்திய நூல்களில் அவனுக்குச் செந்தாடி.

கேள்வி: நெர்துஸ் என்ற தெய்வம் யார்?

பதில்: ஏழு இனக்குழுக்கள் வழிபட்டதாக டாசிட்டஸ் கூறும் நிலத்தாய். கடல்தீவு ஒன்றின் புனிதத் தோப்பில் துணியால் மூடிய வண்டி இருந்தது. அதைத் தொடும் உரிமை பூசாரி ஒருவருக்கே. தெய்வம் வந்திருப்பதை அவர் உணர்ந்ததும் பசுக்கள் பூட்டிய அவ்வண்டி ஊர்வலம் புறப்படும். அந்நாள்களில் இரும்பெல்லாம் பூட்டி வைக்கப்படும், போரே நிகழாது. இறுதியில் வண்டியையும் துணியையும் தெய்வத்தையும் ஏரியில் கழுவிய அடிமைகளை அவ்வேரியே விழுங்கிவிடும்.

கேள்வி: ஸ்னோரியின் நூலில் அதே பெயருடைய நியோர்த் ஆண் தெய்வம் அல்லவா? ஜெர்மானியர் நிலத்துக்கு டாசிட்டஸ் போனதற்கே சான்றில்லை. அவர் தவறாகக் கேட்டிருக்க வேண்டும்.

பதில்: நெர்துஸ் என்பதன் ஒலி முறைப்படி மாறினால் நியோர்த் என்றே வரும், அதில் ஐயமில்லை. ஆனால் டாசிட்டஸ் பெயரை மட்டும் எழுதவில்லை, ‘நிலத்தாய்’ என்று பொருளும் சொல்கிறார். ஆகவே இதை வெறும் செவிப்பிழையாகத் தள்ள இயலாது.

கேள்வி (முன்னவரே): அப்படியானால் பெண் ஆணானது எப்படி?

பதில்: மாறியிருக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. நியோர்த் தன் உடன்பிறந்தாளையே மணந்திருந்ததாக ஸ்னோரி கூறுகிறார். அவளுக்குப் பெயர் தரவில்லை. அவன் மக்களோ ஃபிரேயர், ஃபிரேயா என்று ஒரே சொல்லின் ஆண், பெண் வடிவங்களைப் பெயராகக் கொண்டவர்கள். பெற்றோரும் அவ்வாறே இணைப்பெயர் கொண்டிருந்தால், டாசிட்டஸின் நாளில் பெண் தெய்வமும் ஸ்னோரியின் நாளில் ஆண் தெய்வமும் முன்னுக்கு வந்தனர் எனக் கொள்ளலாம்.

கேள்வி: டாசிட்டஸ் காலத்து ஜெர்மானியரும், தெய்வங்களின் அழிவைச் சொல்லும் ரக்னரோக் கதையை நம்பினார்களா?

பதில்: இதே வகைக் கேள்வி எனக்கு வருவது இது நான்காம் முறை. டாசிட்டஸிடம் அக்கதை இல்லை. ஆண்டைப் பாருங்கள் என்று மீண்டும் வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: ரூன் எழுத்துகளைக் கொண்டு எதிர்காலம் அறிவது எப்படி?

பதில்: அது என் துறையன்று.

கேள்வி: நெர்துஸ் வண்டியைப் போன்ற ஏதேனும் அகழ்ந்தெடுக்கப்பட்டதா?

பதில்: டென்மார்க்கின் டைபியர்க் சதுப்பு நிலத்தில் 1880களில் வெண்கல அணிவேலையுடைய இரண்டு வண்டிகள் கிடைத்தன. அவை டாசிட்டஸுக்கும் முற்பட்டவை. பகுதி பகுதியாகப் பிரித்தே அங்கு இடப்பட்டிருந்தன.