நடுக்குவாத ஆய்வுக்கு நன்கொடை

கேள்வி: என் தந்தையார் சட்டைப் பொத்தான்களைப் போடவே கால் மணி நேரம் ஆகிறது. பார்க்கின்சன் நோய் எனும் நடுக்குவாதத்துக்குப் புது மருந்து காண அறக்கட்டளைகளின் பணம் உண்மையில் உதவுகிறதா?

பதில்: உதவுகிறது, ஆனால் மெதுவாக. 1960களில் வந்த லெவோடோபாவே இன்றும் முதன்மை மருந்து. அது மூளையில் குறைந்துபோன டோபமைனை (உடல் அசைவுக்குத் தேவையான வேதிப்பொருள்) ஈடுசெய்கிறதே ஒழிய, நரம்பணுக்கள் அழிவதைத் தடுப்பதில்லை. 29 வயதில் இந்நோய் கண்டறியப்பட்ட நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய அறக்கட்டளை, நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வொன்றை 2010 முதல் நடத்தி வருகிறது. அவர்கள் அளித்த தண்டுவடத் திரவத்தில் இந்நோயில் நரம்பணுக்களில் திரளும் ஆல்ஃபா சைநியூக்ளின் புரதத்தின் பிறழ்ந்த வடிவத்தைக் கண்டறியும் சோதனை நம்பத்தக்கது என்று 2023இல் தெரியவந்தது. 'மருந்தல்ல, சோதனைதானே' என்று தோன்றலாம். உடனடி லாபம் தராத இத்தகைய அடிப்படை வேலைக்கே நன்கொடை மிகவும் தேவை என்பேன். தந்தையாரின் சட்டைகளில் பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ பட்டை தைத்துக் கொடுங்கள்.