இரவு மாத்திரை மறந்துபோகிறது, நடை நின்றுபோகிறது: எனக்கு மன உறுதி இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 53. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை, இரண்டு வருடமாகப் பிரஷர். சர்க்கரைக்கு கிளிமெப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் சாப்பாட்டை ஒட்டி; பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. காலையில் ஒன்று. காலையில் காபி குடிக்கும்போதே பிரஷர் மாத்திரையைப் போட்டுவிடுவேன், டிபனோடு சர்க்கரை மாத்திரையும் போய்விடும். இரவு மாத்திரைதான் வாரத்தில் நாலு நாள் மறந்துபோகிறது. கடை மூடி வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகும். பசியில் தட்டு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பத்து மணிக்குச் சென்னையில் படிக்கும் மகளோடு போனில் பேசிவிட்டுப் படுத்துவிடுவேன். ஜனவரி ஒன்றாம் தேதி அதிகாலை நடை ஆரம்பித்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனதோடு நின்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி போன மாதம் 8.9. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார். தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று மைத்துனர் வேறு சொல்கிறார். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். என்னால் அதுகூட முடியவில்லை. மன உறுதி இல்லாதவனா நான்?

பதில்: மன உறுதியைப் பிறகு பார்ப்போம். இரவு மாத்திரை நாலு நாள் தவறுகிறது என்பதை, அளவைக் கூட்டிய டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அவர் அளவைக் கூட்டியிருக்க மாட்டார். மாத்திரை போதவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். மாத்திரை வயிற்றுக்கே போகவில்லை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இந்தப் பதிலைப் படித்துவிட்டு நாளையிலிருந்து கூட்டிய அளவை ஒரு வேளை விடாமல் போட ஆரம்பித்தீர்கள் என்றால், உங்கள் உடம்பு இதுவரை பார்க்காத அளவு மருந்து உள்ளே போகும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். கிளிமெப்பிரைடு சர்க்கரையை 70-க்குக் கீழே தள்ளிவிடக்கூடியது. சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் இன்னும் சுலபமாகத் தள்ளும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி நேரத்திலும் ஜவுளிக் கடைக்காரர்கள் சாப்பிடும் நேரம் எனக்குத் தெரியாததல்ல. ஆகவே முதலில் அவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நீண்ட கால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்னது. திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம்; மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் இன்னொரு முறை.

இனி உங்கள் மன உறுதி. காலையில் ஒரு நாள்கூடத் தவறாமல் பிரஷர் மாத்திரை போடுகிறவர் நீங்கள். அதே ஆள்தான் இரவில் மறக்கிறார். காலை ஆறு மணிக்கு இருக்கிற உறுதி இரவு ஒன்பதரைக்குக் கரைந்துவிடுகிறதா என்ன? காலை மாத்திரை காபியில் தொற்றிக்கொண்டிருக்கிறது. காபியை நீங்கள் மறக்கப்போவதில்லை. இரவு மாத்திரைக்கு அப்படித் தொற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அது பெட்ரூம் பீரோவிலோ டிவி ஸ்டாண்டிலோ தனியாகக் கிடக்கிறது என்று ஊகிக்கிறேன். பழக்கம் என்பது புதிதாக ஆணி அடிக்கிற வேலை இல்லை. சுவரில் ஏற்கெனவே இருக்கிற ஆணியில் மாட்டிவிடுகிற வேலை.

உங்கள் இரவில் இருக்கிற ஆணி தட்டுதான். செல்போன் அலாரம் வேண்டாம். ஒன்பதரைக்கு அது அடிக்கும்போது நீங்கள் வண்டியில் இருப்பீர்கள். தவிர இந்த மாத்திரை கடிகாரத்தோடு அல்ல, சோற்றோடு போக வேண்டியது. சாப்பாடு பதினொரு மணி என்றால் மாத்திரையும் பதினொரு மணி. சாப்பிடாமல் படுத்தால் அன்றைக்கு அது வேண்டாம். கிழமை எழுதிய ஏழு அறை மாத்திரை டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும். அதைத் தட்டுப் பக்கத்தில் வைக்கும் தண்ணீர்ச் சொம்பின் மேலேயே வைத்துவிடுங்கள். டப்பாவை எடுக்காமல் தண்ணீர் ஊற்ற முடியாது. ‘போட்டேனா, இல்லையா’ என்ற சந்தேகத்துக்கும் அறையே பதில் சொல்லிவிடும். சந்தேகத்தில் இரண்டாவது போட்டுக்கொண்டு மயங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டு நெடுநேரம் கழித்து ஞாபகம் வந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள், மறுநாள் இரட்டையாகப் போடாதீர்கள். வீட்டுக்காரம்மாவிடம் டப்பாவை வைக்கச் சொல்லலாம். தினமும் ஞாபகப்படுத்தச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்தில் அது நச்சரிப்பாகும், இரண்டாவது வாரத்தில் நீங்கள் வீம்புக்கே மறப்பீர்கள்.

ஆணியைத் தேர்ந்தெடுப்பதில் நானே தவறியிருக்கிறேன். எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. கிளினிக் பையை எடுக்கும்போது போட்டுக்கொள்வேன். பிசகே இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் என் மனைவி அட்டைகளை எண்ணிப் பார்த்து, மாதத்துக்கு நாலு மாத்திரை மிஞ்சுவது ஏன் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது, பையும் எடுப்பதில்லை. இப்போது பல் துலக்கும் இடத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் பொங்கல் பயணத்தில் நடந்ததும் இதுதான். வீட்டில் இருக்கிற ஆணி ஊரில் இருக்காது. ஓர் அட்டை எப்போதும் பயணப் பையிலேயே இருக்கட்டும்.

21 நாள் கணக்கை விட்டுத்தள்ளுங்கள். 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். மூக்கைப் பற்றிச் சொன்னது நடைப்பயிற்சிக்கு வந்துவிட்டது, வழியில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். உடற்பயிற்சி மாதிரியான காரியங்களுக்குத்தான் கூடுதல் நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. உங்களைக் கவிழ்த்தது பொங்கல் இல்லை. பொங்கலுக்கு மறுநாள், ‘விட்டுப்போச்சே, இனி முதலிலிருந்தா’ என்று தோன்றியதே, அதுதான்.

நடைக்கு அதிகாலை வேண்டாம். பத்தரைக்கு மேல் படுக்கிறவர் ஐந்து மணிக்கு எழுவது இன்னொரு புதுப் பழக்கம்; ஒன்றின் முதுகில் இன்னொன்றை ஏற்றாதீர்கள். உங்களிடம் அருமையான ஆணி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: மகளின் போன். சாப்பாடு முடிந்த கையோடு வருகிறது, நீங்கள் தவறவிடுவதே இல்லை. அதை உட்கார்ந்து பேசாதீர்கள். மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுங்கள், பத்து நிமிடம் போதும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரைக்காரர்கள் 41 பேரை ஒரு கட்டத்தில் தினம் 30 நிமிடம் ஒரே மூச்சில் நடக்கவைத்தார்கள், இன்னொரு கட்டத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடக்கவைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள், சர்க்கரைக்காரர் பாதத்தில் சிறு கல் குத்தினாலும் பெரிய கதையாகும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் நின்றுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இதையும் உடனே தொடங்க வேண்டாம். முதலில் மாத்திரை. யோசிக்காமலே கை டப்பாவுக்குப் போகிற அளவு வந்த பிறகு நடை.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். மறதி என்று நாம் சொல்வதில் பாதி பயம் கலந்திருக்கும். ‘இது கிட்னிக்குக் கெடுதல்’ என்று உள்ளே ஒரு குரல் இருந்தால் கை மெதுவாகத்தான் டப்பாவுக்குப் போகும். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது என்பதால் நாங்கள் அளவைக் குறைக்கிறோம், சில சமயம் நிறுத்துகிறோம். நிறுத்தியதைப் பார்த்தவர்கள், மாத்திரையால்தான் கிட்னி போனது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிய, ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். மைத்துனருக்குச் சர்க்கரை இருந்தால் அவரையும் கூடவே கூட்டிப்போங்கள். என் அனுபவத்தில், இப்படிச் சொல்கிறவர்கள் தங்கள் மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருப்பார்கள்.