மரவள்ளிப் பசை ஈரத்தில் விட்டுப்போகிறது, மாற்று வழி உண்டா?

கேள்வி: மரவள்ளியும் சோயாவும் பயிரிடுகிறேன். விற்பனைக்கு ஆகாத சிறு கிழங்குகளை அரைத்து மாவெடுத்துப் பசை காய்ச்சுகிறோம். காகிதப் பைக்கும் அட்டைப் பெட்டிக்கும் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் ஈரக்காற்றில் இரண்டு நாள் இருந்தால் ஒட்டு பிரிந்துவிடுகிறது. வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்துப் பார்த்தும் பலனில்லை. அதே பசையில் ஒட்டிய மரச்சட்டங்களும் கழன்றுவிட்டன. தண்ணீர் தாங்கும் பசையைத் தாவரப் பொருளிலிருந்தே செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் காகிதத்துக்கு ஒன்று, மரத்துக்கு வேறொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். மரவள்ளி மாவு ஒன்றை வைத்தே இரண்டையும் சமாளிக்கப் பார்ப்பதுதான் சிக்கல். மரத்துக்கு வேண்டியது உங்கள் சோயாவில் இருக்கிறது.

முதலில் வெண்காரம் ஏன் கைகொடுக்கவில்லை என்று பார்ப்போம். மரவள்ளி மாவு தண்ணீரில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் வீங்கி வெந்து பசையாகிறது. மாவில் எந்தப் பகுதிகள் காகித நாரைப் பிடித்துக்கொள்கின்றனவோ, அதே பகுதிகளுக்குத் தண்ணீர் மேலும் ஆசை அதிகம். ஈரம் வந்ததும் நாரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கூடுதலாகக் காய்ச்சுவதால் இந்தக் குணம் மாறாது. வெண்காரம் பசையைக் கெட்டியாக்கும், ஒட்டியதும் பிடிக்கிற பிடியைக் கூட்டும். அட்டைப் பெட்டி ஆலைகள் அதற்காகத்தான் அதைச் சேர்க்கின்றன. ஈரம் தாங்க வேண்டிய பெட்டி என்றால் அந்த ஆலைகளே மாவுப் பசையில் செயற்கைப் பிசினைக் கலக்கின்றன.

அடுத்து காகிதம். பசை தண்ணீரைத் தாங்கினாலும் சாதாரணக் காகிதம் நனைந்தால் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஒட்டு நிற்கும், பை கிழியும். அதனால் தண்ணீரில் மூழ்கினாலும் பிரியாத பசையைத் தேடி அலைய வேண்டாம். ஈரக்காற்றும் லேசான தூறலும் தாங்கினால் போதும். ஒட்டு நன்கு காய்ந்தபின் மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ மெல்லியதாகப் பூசினால் அது கிடைத்துவிடும். ஈரம் முதலில் நுழைவது விளிம்பு வழியாக. ஆகவே விளிம்பையும் மடிப்பையும் இரண்டு முறை பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து படலமாக இறுகும், அதற்குச் சில நாள் ஆகும். அந்த எண்ணெயைத் துடைத்த துணிகளைக் குவித்து மட்டும் வைக்காதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

பசையே தாங்க வேண்டும் என்றால் ரப்பர் பால் இருக்கிறது. அம்மோனியா சேர்த்துப் பதப்படுத்திய பாலைக் காகிதத்தில் பூசி ஒட்டினால், காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. மாவுப் பசையோடும் கலக்கலாம், ஆனால் பசை புளித்திருக்கக் கூடாது. புளிப்பு பட்டால் பால் திரிந்து கட்டியாகிவிடும். மரத்துக்கு ரப்பர் பாலை நான் சொல்ல மாட்டேன். பாரம் ஏறினால் மெல்ல மெல்ல நழுவும்.

சரி, மரத்துக்கு வருவோம். சோயா மாவுப் பசை புதிதல்ல. 1920களிலிருந்து அமெரிக்காவில் பல பிளைவுட் ஆலைகள் இதை வைத்து ஓடின. பிறகு செயற்கைப் பிசின்கள் வந்து இதை ஓரங்கட்டின. சோயாவில் இருப்பது புரதம். அது பந்துபோலச் சுருண்டு கிடக்கிறது. காஸ்டிக் சோடா அதைப் பிரித்து விரிக்கிறது, சுண்ணாம்பில் உள்ள கால்சியம் விரிந்த இழைகளைப் பாலம் போட்டு இணைக்கிறது. அந்த இணைப்பு எளிதில் கரையாது. ஈரம் தாங்கும் குணம் வருவது இதனால்தான். அதாவது, மாவு தாவரம், கட்டுவது கனிமம். கனிமமே வேண்டாம் என்றால் இந்த முறையில் ஈரம் தாங்கும் சோயாப் பசை கிடைக்காது.

எண்ணெய் நீக்கிய சோயா மாவைச் சல்லடையில் மிக நைசாகச் சலித்துக்கொள்ளுங்கள். செக்கிலோ எந்திரத்திலோ அதிகம் சூடேறிய புண்ணாக்கு ஆகாது. வறுத்த சோயாவும் ஆகாது. சூட்டில் புரதம் கெட்டுவிடும், தண்ணீரில் கலக்கினால் வண்டலாக அடியில் தங்கும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான், சுண்ணாம்பு அளவில் அல்ல.

எடைக்கணக்கில் 100 பங்கு மாவுக்குச் சுமார் 300 பங்கு குளிர்ந்த தண்ணீர். முதலில் பாதித் தண்ணீரில் கட்டியில்லாமல் பிசைந்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். பிறகு 12 பங்கு நீறிய சுண்ணாம்பை 24 பங்கு தண்ணீரில் கரைத்துச் சேர்த்து ஒரு நிமிடம் கலக்குங்கள். அடுத்து 7 பங்கு காஸ்டிக் சோடாவை அதே அளவு தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து ஊற்றுங்கள். கடைசியாக 25 பங்கு சோடியம் சிலிகேட் (வாட்டர் கிளாஸ்) கரைசல். பசை சீக்கிரம் இறுகாமல் இது சில மணி நேரம் காப்பாற்றும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மறுநாள் அது பசையாக இருக்காது.

காஸ்டிக் விஷயத்தில் அலட்சியம் கூடாது. எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பிளாஸ்டிக் அல்லது துருப்பிடிக்காத எஃகு போதும். துவர்ப்புச் சத்து (டானின்) நிறைந்த மரங்களில் இந்தப் பசை கறை போடும், அதனால் முதலில் துண்டு மரத்தில் பாருங்கள்.

மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் இந்தப் பசை சரியாக நிற்காது. இரு பரப்பிலும் பூசி, கிளாம்ப் போட்டு இறுக்கி ஓர் இரவு விடுங்கள். முழுப் பலம் வரச் சில நாள் ஆகும்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இருக்கும் அலமாரி, சட்டம், பெட்டி இவற்றுக்குச் சரி. எப்போதாவது நனைந்து உடனே காய்ந்தாலும் தாங்கும். மழையில் கிடக்கும் கதவுக்கும் மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கும் ஆகாது. தொடர்ந்து ஈரமாக இருந்தால் பூஞ்சை அந்தப் புரதத்தைத் தின்றுவிடும். வெளிப்புற வேலைக்குத் தாவர வழியில் போக வேண்டுமானால் வேல மரப்பட்டைத் துவர்ப்பு, முந்திரி ஓட்டு எண்ணெய் இவற்றிலிருந்து பிசின் செய்கிறார்கள். அதற்குச் சூடான அழுத்த எந்திரமும் வேதிப்பொருள்களும் தேவை. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் தோலும் கொப்பளிக்கும். பண்ணையில் செய்யும் வேலையல்ல.

விற்கும் முன் சோதித்துவிடுங்கள். ஒட்டிய துண்டுகளை 4 மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, 50 டிகிரி சூட்டில் 19 மணி நேரம் உலர்த்துங்கள். இப்படி மூன்று முறை. உள்பயன்பாட்டு பிளைவுட்டுக்குச் செய்யும் சோதனை இதுதான். மூன்றாவது முறைக்குப் பின்னும் ஒட்டிய கோடு பிரியாமல் இருந்தால் உள் அறைச் சாமான்களுக்கு நம்பிக் கொடுக்கலாம்.

கேட்காத விஷயம் ஒன்று. கிழங்கு அரைத்த கழிவுநீரில் சயனைடு கலந்திருக்கும். அதை மாடு ஆடு குடிக்கும் தொட்டிப் பக்கமும் மீன் குளத்துப் பக்கமும் போக விடாதீர்கள்.